நூற்றுக்கு நாலு மணல்: அதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். வயது 41. லீசிங்கில் எடுத்த டீசல் டபுள் கெப் ஒன்றுதான் என் தொழில். கிழமைக்கு இரண்டு தடவை தம்புள்ளைக்குப் போய் மரக்கறி ஏற்றிவந்து, நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறேன். அதில் மூன்று இடங்களுக்கு மணல் பாதையால்தான் போகவேண்டும். தம்பலகாமத்தில் கொஞ்சம் வயலும் இருக்கிறது. பெரும்போகத்துக்குப் பசளை மூட்டை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கட்டால் போவேன். போன மார்கழியில் மூன்று தடவை புதைந்து, தடவைக்கு 7,000 ரூபா கொடுத்து ட்ரக்டரால் இழுத்தேன். ஒரு டயர் கல் வெட்டிப் பக்கவாட்டில் கிழிந்தும் போனது. இப்போது நாலும் தேய்ந்துவிட்டன. கடையில் சாதாரண ரோட்டு டயர் ஒன்று 52,000, அதே அளவில், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஓல்-டெரெய்ன் 62,000, ஒரு அளவு பெரிய, முரட்டு ரப்பர்க் கட்டை வைத்த ஓல்-டெரெய்ன் 94,000 என்கிறார்கள். சிநேகிதர்கள் எல்லாரும் பெரியதைப் போடச் சொல்கிறார்கள். சேமிப்பில் 320,000 இருக்கிறது. லீசிங் மாதம் 58,000. மனைவி தன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறா. கடைக்காரர் வட்டி இல்லாமல் கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணை தரலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். தேய்ந்து போகிற சாமானுக்குத் தேயாத சாமானை அடகு வைக்கக் கூடாது. மற்றதைப் பேசுவோம்.

நீங்கள் டயரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் உங்கள் ரோட்டைப் பார்த்தேன். தம்புள்ளைக்குப் போய்வர 220 கிலோமீற்றர் என்று வைத்தால் மாதம் எட்டுப் பயணத்துக்கு 1,760. ஹோட்டல்களைச் சுற்றிவர ஒரு 560. வயலுக்கு நாலு தடவை, 240. மொத்தம் 2,560 கிலோமீற்றர். இதில் தார் இல்லாத இடம் எவ்வளவு? வாய்க்கால் கட்டில் மாதம் 40, ஹோட்டல் மணலில் 60. கூட்டினால் 100. நூற்றுக்கு நாலு கூட முழுசாக வரவில்லை. உங்கள் சிநேகிதர்கள் அந்த நாலுக்கு டயர் தெரிவு செய்கிறார்கள். மிச்சத் தொண்ணூற்றாறுக்குக் காசு கட்டப் போகிறவர் நீங்கள்.

டயரின் விலை பில்லில் இருக்கிற தொகை அல்ல, ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு என்பதுதான். உங்கள் விலைகளையே எடுத்துக்கொண்டு, ரோட்டு டயர் 55,000 கிலோமீற்றர், சாதாரண ஓல்-டெரெய்ன் 50,000, முரட்டு டயர் 45,000 ஓடும் என்று வைப்போம். பாரம் ஏற்றுகிற வாகனம், சூடான தார் ரோடு. இதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். ரோட்டு டயர் நாலு 208,000 ரூபா, கிலோமீற்றருக்கு 3.78. சாதாரண ஓல்-டெரெய்ன் 248,000, கிலோமீற்றருக்கு 4.96. பெரியது 376,000, கிலோமீற்றருக்கு 8.36.

டீசலும் இருக்கிறது. கட்டை பெரிதாகப் பெரிதாக டயர் உருளத் தயங்கும், என்ஜின் கூடத் தள்ளவேண்டும். லீற்றர் 280 ரூபா, லீற்றருக்கு 11 கிலோமீற்றர் என்று கணக்குப் போட்டால் கிலோமீற்றருக்கு 25 ரூபா 45 சதம் டீசலுக்கே போகிறது. சாதாரண ஓல்-டெரெய்னுக்கு 2 வீதம் கூடக் குடித்தால் 51 சதம், முரட்டுக்கு 6 வீதம் என்றால் 1 ரூபா 53 சதம். சேர்த்துப் பாருங்கள்: 3.78, 5.47, 9.89. மாதம் 2,560 கிலோமீற்றரால் பெருக்கினால், சாதாரண ஓல்-டெரெய்ன் ரோட்டு டயரைவிட ஏறத்தாழ 4,300 ரூபா கூட. பெரியது 15,600 ரூபா கூட. உங்கள் கடை விலை வேறாக இருந்தால் இதே கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போடுங்கள்; வரிசை பெரும்பாலும் மாறாது.

அப்படியென்றால் ரோட்டு டயரே போதுமா? நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பிறகு உங்கள் மார்கழி ஞாபகம் வந்தது. மூன்று ட்ரக்டருக்கு 21,000, கிழிந்த டயருக்கு 52,000. ஒரு மழைக்காலத்திலேயே 73,000 ரூபா. சாதாரண ஓல்-டெரெய்னுக்கு வருடம் முழுக்க நீங்கள் கூடக் கொடுப்பது ஏறத்தாழ 52,000. புதைந்து கிடந்த நாட்களில் வாடிய மரக்கறியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆகவே உங்களுக்கு நடுவில் உள்ளதுதான் சரி: கெப்போடு வந்த அதே அளவில், மிதமான கட்டை வைத்த ஓல்-டெரெய்ன். வித்தியாசம் மயிரிழைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி முதல் தை வரைக்கும் பசளையை வாடகை ட்ரக்டர் பெட்டியில் அனுப்பிவிட்டு, கெப்பைத் தார் ரோட்டிலேயே விட்டுவிடுகிறவர் என்றால், ரோட்டு டயர் போட்டு மாதம் 4,300 ரூபாவை மிச்சம் பிடிக்கலாம். வயலுக்குக் கெப்பால்தான் போவேன் என்கிறவருக்கே ஓல்-டெரெய்ன்.

பெரிய அளவு ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதன்மேல்தான் உங்கள் கண் இருக்கிறது. உங்கள் கெப்பின் அளவு 265/65 ஆர் 17 என்று எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் காட்டுவது 265/70 ஆர் 17 என்றால் விட்டம் ஏறத்தாழ 3.4 வீதம் கூடும். வேக அளவி 80 காட்டும்போது நீங்கள் 82, 83இல் போய்க்கொண்டிருப்பீர்கள். கிலோமீற்றர் மீற்றரும் குறைவாகவே காட்டும். சேர்விஸ் தேதி பிந்தும், உங்கள் செலவுக் கணக்கும் பிசகும். ஸ்பெயார் டயர் வேறு பழைய அளவில் கிடக்கும். கந்தளாய் தாண்டி இரவு இரண்டு மணிக்குப் பஞ்சர் என்றால் மூன்று பெரியது, ஒன்று சின்னது. அதைத் தவிர்க்க ஐந்தாவது பெரிய டயர் வாங்கினால் இன்னும் 94,000. லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கொம்பனிதான். அளவை மாற்றுவதென்றால் அவர்களிடமும் காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் கேட்காமல் மாற்றாதீர்கள். விபத்து நடந்த பிறகு அந்தக் கேள்வி வேறு ஒருவர் வாயிலிருந்து வரும்.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை ரோட்டைக் கடக்கிற இடங்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். முரட்டுக் கட்டை சேற்றைப் பிடிக்கும். மழை பெய்து நனைந்த தாரில் அதன் பிடி குறைவு, பிரேக் பிடித்தால் தூரம் கூடும். 700, 800 கிலோ மரக்கறி பின்னால் இருக்கும்போது அந்த இரண்டு மூன்று மீற்றர்தான் எல்லாம். நானும் ஒரு காலத்தில் என் பழைய ஜீப்புக்கு அப்படி நாலு டயர் போட்டுக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைக் கடந்தேன். பக்கத்தில் இருந்த மனைவி ஏதோ கேட்டா, சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த மாதமே விற்றுவிட்டேன், நட்டத்தில்.

மணலுக்கு மருந்து டயரில் இல்லை, காற்றில் இருக்கிறது. குச்சவெளி மணலுக்குள் இறங்குமுன் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து படிந்து, மிதந்து போகும். வெறும் கெப் என்றால் 18, 20 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்கலாம். பாரத்தோடு என்றால் அவ்வளவு இறக்காதீர்கள், வேகத்தையும் நடையளவுக்குக் குறையுங்கள். ஆனால் தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப நிரப்பியே ஆகவேண்டும். காற்றுக் குறைந்த டயர் தாரில் ஓடினால் சூடேறி வெடிக்கும். அதற்குப் பற்றறியில் இயங்குகிற சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று வாங்குங்கள். பெரிய டயருக்கும் நடுத்தர டயருக்கும் இடையில் உள்ள 128,000 ரூபாவில் ஒரு துளிதான் அதற்குப் போகும்.

இனிக் காசு. கடைக்காரர் சொன்ன வட்டியில்லாத் தவணையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: "கைக்காசு என்றால் என்ன விலை, கார்ட் என்றால் என்ன விலை?" கைக்காசுக்கு 62,000, தவணைக்கு 66,000 என்று பதில் வந்தால், நாலுக்கு 16,000 ரூபா கூடக் கட்டுகிறீர்கள். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே போவதால், அந்த 16,000 வருடத்துக்கு ஏறத்தாழ 12 வீத வட்டிக்குச் சமம். வட்டி இல்லாமல் போகவில்லை, அதன் பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு விலையும் ஒன்றென்றால் தாராளமாகத் தவணையை எடுங்கள், ஒரு மாதமும் பிந்தாமல் கட்டுங்கள். பிந்தினால் கார்ட் வட்டி வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

விலை வேறென்றால் நான் இப்படிச் செய்வேன். முழு 248,000ஐயும் சேமிப்பிலிருந்து எடுத்தால் மிச்சம் 72,000. உங்கள் லீசிங் ஒரு மாதத்துக்கே 58,000. கெப் ஒரு கிழமை கராஜில் நின்றால் போதும், சங்கிலி அடகுக்குப் போய்விடும். ஆகவே இரண்டு டயருக்குக் கைக்காசு 124,000, மற்ற இரண்டுக்குத் தவணை, மாதம் 11,000. சேமிப்பில் 196,000 நிற்கும். லீசிங்குக்கு மூன்று மாத மூச்சு. இரண்டை இப்போது, இரண்டைப் பிறகு வாங்கலாமே என்று நினைக்காதீர்கள். மழை முடிந்த பிறகு வருகிற டயரால் வாய்க்கால் கட்டில் பிரயோசனம் இல்லை.

50,000 கிலோமீற்றர் ஓடும் டயர் உங்கள் ஓட்டத்துக்கு ஏறத்தாழ இருபது மாதத்தில் முடியும். அதாவது டயர் உங்களுக்கு மாதம் 12,700 ரூபா செலவு. இருபது மாதமும் அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, ஒரே நாளில் மொத்தமாக வந்து நிற்கும்போது உங்களுக்கு அது இடியாகத் தெரிகிறது. இந்த 12,700ஐ லீசிங் மாதிரியே ஒரு மாதக் கட்டணமாக எழுதி, தனிக் கணக்கில் போடுங்கள். முதல் வருடம் அதில் 11,000 தவணைக்குப் போகும், போகட்டும். தவணை முடிந்த மாதத்திலிருந்து முழுவதும் சேரும். சீட்டுப் போடுகிறீர்கள் என்றால் அந்தத் தொகையைச் சீட்டோடு கலக்காதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை: மணலுக்கான காசை ஏன் நீங்கள் மட்டும் கொடுக்கவேண்டும்? மணல் பாதையில் இருக்கிற மூன்று ஹோட்டலுக்கும் மாதம் பன்னிரண்டு தடவை போகிறீர்கள் என்றால், பயணத்துக்கு 350 ரூபா கூட்டிக் கேட்டாலே 4,200 வந்துவிடும். ஓல்-டெரெய்னுக்கும் ரோட்டு டயருக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ அங்கேயே அடைபட்டுப் போகும். கேட்க வெட்கப்படாதீர்கள். வாசலுக்கே மரக்கறி வருகிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

பில்லைத் தொழிலின் பெயரில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரிக் கணக்கு எழுதும்போது தொழிலுக்கு ஓடிய பங்கைச் செலவாகக் காட்டலாம்.

வாங்கும் நாளில், டயரைக் கழற்றி மாட்டுவதற்கு முன்னால், பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 1425 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 14ஆம் கிழமையில் செய்தது. இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்த டயருக்குப் புது விலை கொடுக்காதீர்கள். நாலிலும் பாருங்கள், ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பார இலக்கத்தையும் பாருங்கள்: 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். கழற்றியதைவிடக் குறைந்த இலக்கம் வேண்டாம். பிறகு 8,000, 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால்தான் நான் வைத்த 50,000 கைக்கு வரும்.

கழற்றுகிற நாலில் நல்லதாக ஒன்று இருந்தால் அதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், அளவு மாறவில்லையே, ஸ்பெயாராக வைக்கலாம். இப்போது கெப்பின் அடியில் தொங்குகிற ஸ்பெயாரின் நாலு இலக்கத்தையும் அன்றைக்கே குனிந்து ஒருக்கால் பாருங்கள்.