ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலச் செதுக்கோவியங்களில் (தகட்டிலோ மரக்கட்டையிலோ செதுக்கி அச்சிட்ட படங்களில்) உருமாறி வரும் கடவுளை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் கழுகைத் தேடுங்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதைகளில் கடவுளரின் அரசன் ஜூபிடர் மாறுவேடம் போடுவதே யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்றுதான். ஆனால் படம் பார்ப்பவருக்குத் தெரிந்தாக வேண்டுமே! அதனால் செதுக்குபவர் ஜூபிடரின் அடையாளமான கழுகையோ இடியாயுதத்தையோ ஓரமாக வைத்துவிடுவார். தூங்கும் பெண்ணருகில் ஆட்டுக்கால் கொண்ட காட்டுத் தேவனான சாட்டிர் நின்று, கூடவே கழுகும் இருந்தால், அது ஆண்டியோப்பி என்ற பெண்ணிடம் அந்த உருவில் வந்த ஜூபிடர். கழுகு இல்லையென்றால் அவசரப்படாதீர்கள். இத்தாலிய ஓவியர் கொரெஜ்ஜோவின் வண்ண ஓவியம் ஒன்றை வெகுகாலம் ஆண்டியோப்பி என்றே அழைத்தார்கள். இப்போது அது காதல் தெய்வம் வீனஸ் என்று கொள்ளப்படுகிறது.

மிகவும் சிரமமானது காலிஸ்டோ என்ற பெண்ணின் கதை. அங்கே ஜூபிடர் வேட்டைத் தெய்வமான டயானாவாகவே மாறிவிடுகிறார், படத்தில் இருப்பது இரண்டு பெண்கள் மட்டும். டயானாவின் அடையாளமான நெற்றிப் பிறையை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். இங்கும் கழுகுதான் கைகொடுக்கும்.

மாடு வந்தால் குழப்பம் வரும். கடலில் நீந்தும் காளை, ஒரு கையால் கொம்பைப் பிடித்த பெண், கரையில் பதறும் தோழியர் என்றால், அது காளையாக வந்த ஜூபிடர் தூக்கிச் செல்லும் யூரோப்பா. மேய்ப்பனோ மயிலோ அருகில் இருந்தால் அந்தப் பசு 'ஐயோ' (Io) என்ற பெண். அங்கே உருமாறியது கடவுள் அல்ல, அவள்தான்.

கறுப்பு மை மட்டுமே இருப்பதையும் மறக்கக் கூடாது. வெள்ளைக் காளைக்கு உடம்பில் கோடு குறைத்து காகிதத்தையே வெளிச்சமாக விடுவார்கள். டானாயி என்ற பெண்ணிடம் ஜூபிடர் வந்த பொன்மழைக்கு நிறம் கிடையாது. ஆகவே மேகத்திலிருந்து வட்ட வட்டமாக நாணயங்கள் விழுவதைப் பல படங்களில் காணலாம்.

ரோமானியச் சனிக்கடவுள் சாட்டர்ன் குதிரையாகி ஃபிலிரா என்ற பெண்ணோடு இருக்கும் படம், 1527-இல் இத்தாலியச் செதுக்குக் கலைஞர் காராலியோ செப்புத் தகட்டில் செதுக்கிய 'கடவுளரின் காதல்கள்' வரிசையில் வருகிறது. இந்தப் படத்தை வரைந்தவர் ஓவியர் ரோஸ்ஸோ ஃபியோரெண்டினோ. வெறும் குதிரையைப் பார்த்து யாரால் சாட்டர்ன் என்று சொல்ல முடியும்? அந்த வரிசைப் படங்களின் அடியில் இத்தாலியக் கவிதை வரிகள் உண்டு. சிக்கல் என்னவென்றால், பழைய சேகரிப்பாளர்கள் அச்சுத்தாளின் ஓரத்தை வெட்டிவிடுவார்கள், கவிதையும் போய்விடும். எனவே தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் நான்கு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வெட்டுப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதே அச்சின் முழுப் பிரதி ஒன்றோடு ஒப்பிட வேண்டும்.

வலம், இடத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். ஓவியர் பெர்னார்ட் சாலமோன் 1557-இல் பிரான்ஸின் லியோனில் வெளிவந்த ஓவிட் நூலுக்கு வரைந்த மரச்செதுக்குகளை, ஜெர்மானியக் கலைஞர் விர்ஜில் சோலிஸ் 1563-இல் பிராங்ஃபர்ட் பதிப்புக்காகப் பின்பற்றினார். பல படங்கள் கண்ணாடி பிம்பம்போலத் திரும்பிவிட்டன. பார்த்ததைப் பார்த்தபடியே கட்டையில் வரைந்தால் அச்சில் எதிர்ப்பக்கமாகத்தான் விழும். இடியாயுதம் இடது கையில் இருந்தால் வேறு கடவுள் என்று எண்ண வேண்டாம். அது திரும்பிய பிரதியாக இருக்கலாம்.

படத்தின் கீழே பெயரோடு லத்தீனில் 'இன்வெனிட்' என்றிருந்தால் வரைந்தவர், 'ஸ்கல்ப்சிட்' செதுக்கியவர், 'எக்ஸ்குடிட்' வெளியிட்டவர்.