அழாத பிள்ளை

வணக்கம். என் அக்கா வீட்டுக்காரர் இரண்டு மாதத்துக்கு முன் நான்குவழிச் சாலையில் பைக் விபத்தில் இறந்துவிட்டார். மகன் பத்தாம் வகுப்பு. கொள்ளி வைத்தது அவன்தான். சுடுகாட்டிலும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. எந்நேரமும் போனில் கேம். தங்கச்சியை அடிக்கிறான், டியூஷனை நிறுத்திவிட்டான். சொந்தபந்தம் ‘கல்நெஞ்சன்’ என்கிறது. அவனை எப்படி அழ வைப்பது?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

அழ வைக்க வேண்டாம். இந்த வயதில் துக்கம் கோபமாக, தூக்கக்கேடாக, வயிற்றுவலியாகக்கூட வரும். துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் அன்றாடத்தின் பக்கமும் மாறிமாறிப் போய்வருவார் என்று 1999இல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கேம் அவனுக்கு அன்றாடத்தின் பக்கம். பிடுங்காதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் போன் அக்காவிடம் இருந்தால் போதும். (மறுப்பு, கோபம் என்று தொடங்கி ஏற்பில் முடியும் என்று யூடியூபில் சொல்லும் துக்கத்தின் ‘ஐந்து கட்டங்களை’ வைத்து அவனை அளக்காதீர்கள். அது முதலில் மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றிச் சொன்னது.)

நம் இழவு வீட்டில் பெண்களுக்கு ஒப்பாரி உண்டு. பையனுக்கு நீர்மாலை, மொட்டை, கொள்ளி என்று வேலைதான் உண்டு. அதெல்லாம் முடிந்ததும் யாராவது தோளில் கைபோட்டு, “இனிமே நீதாண்டா வீட்டுக்கு ஆம்பள” என்றிருப்பார். அவன் அதை உத்தரவாகவே எடுத்திருப்பான். தங்கச்சி மேல் கை ஓங்குவதில் அந்த அதிகாரமும் கொஞ்சம் இருக்கலாம். அடிக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். கூடவே அந்த உத்தரவை அக்கா தன் வாயால் ரத்து செய்யவேண்டும். வீட்டில் கடன் இருந்தால் இப்படி: “கடன நானும் தாத்தாவும் பாத்துக்கிறோம்ப்பா. பள்ளிக்கூடம் போறதுதான் உன் வேல.” கடன் எவ்வளவு, மாதம் யார் கட்டுகிறார்கள் என்றும் சொல்லட்டும். தெரியாவிட்டால், படிப்பை விட்டு வேலைக்குப் போவதா என்று அவனாகக் கணக்குப் போடுவான்.

எதிரே உட்கார வைத்துக் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வரும். கடைக்கு நடக்கும்போது, புரோட்டா சாப்பிடும்போது, “உங்கப்பாவுக்கு இந்தச் சால்னா ரொம்பப் பிடிக்கும்ல” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். ஐந்து நிமிடம் பேசினால் அதுவே அதிகம். இரண்டு விஷயத்தை மட்டும் நீங்களாகக் கேளுங்கள். விபத்துப் படம் வாட்ஸ்அப்பில் அவன் கண்ணில் பட்டதா? ‘நான் போன் பண்ணினதாலதான் அப்பா வேகமாக வந்தார்’ என்பதுபோல ஏதாவது மனதில் வைத்திருக்கிறானா? இந்த வயதில் குற்றவுணர்வு அப்படித்தான் ஒளிந்திருக்கும். நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள்.

டியூஷன் ஒரு மாதம் போகட்டும், பள்ளி நிற்கக் கூடாது. தாங்க முடியாதபோது ஐந்து நிமிடம் வெளியே போய்வர வகுப்பாசிரியரிடம் அனுமதி வாங்கிவையுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாள், அப்பாவின் பிறந்தநாள், தேர்வு முடிவு எல்லாம் முதல் வருடம் கனக்கும். ஒரு வாரம் முன்பே “போவமா, வேணாமா?” என்று கேட்டுவிடுங்கள்.

தான் சாவதைப் பற்றிப் பேசினாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ, குடித்தாலோ காத்திருக்காதீர்கள். “செத்துப்போகலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்து இருந்தால் அன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு இரவிலும் பேசலாம், தமிழில், இலவசமாக. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் பள்ளி, சாப்பாடு, தூக்கம் எதுவும் நேராகாவிட்டாலும் அங்கேதான். அவன் வர மறுத்தால் முதல் முறை அக்கா மட்டும் போய்ப் பேசிவரட்டும். அக்காவும் இரண்டு மாதமாகத் தூங்கியிருக்க மாட்டார்.