வாசகர் கேள்வி: டெக்சஸ் அலமாரியில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஐயா, என் அக்கா மகன் டெக்சஸில் வேலை பார்க்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் விருந்துக்குக் கூப்பிட்டு, நாம் கல்யாண ஆல்பம் காட்டுவது போல, அலமாரியைத் திறந்து ஏழெட்டுத் துப்பாக்கிகளைக் காட்டினாராம். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் செத்தும் ஏன் விட மாட்டேன் என்கிறார்கள்? கம்பெனிகளின் பணம்தான் காரணமா? அப்புறம், தீபாவளிக்கு வரும்போது என் பேரனுக்கு அசல் போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கி கொண்டு வருகிறானாம். வரலாமா?
- ஈசூன் வாசகி

பதில்: பணம் இருக்கிறது, அம்மா. ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரும் காசு கொடுக்கவில்லையே! அவர் தன் காசைப் போட்டு வாங்கி அடுக்கியிருக்கிறார்.

நம் ஊரில் துப்பாக்கி என்பது அரசாங்கம் கொடுத்து, அரசாங்கமே திருப்பி வாங்கிக்கொள்ளும் சாமான். தேசிய சேவையில் சுட்டுப் பழகி முடிந்ததும் காலி உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுப்போம். அப்புறம் வரிசையில் நின்று, "என்னிடம் தோட்டாவோ உறையோ இல்லை, சார்" என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் சார்ஜண்டுக்குக் குரல் போதவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1775 ஏப்ரலில் மாசசூசெட்ஸின் கன்கார்டு ஊரில் மக்கள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களைப் பறிக்க பிரிட்டிஷ் சிப்பாய்கள் கிளம்பினார்கள். வழியில் லெக்சிங்டனில் வெடித்த சண்டையில்தான் சுதந்திரப் போரே தொடங்கியது. அதனால் 'அரசாங்கம் துப்பாக்கியைக் கேட்கிறது' என்றாலே பலருக்கு அந்தச் சிப்பாய்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

1791இல் அவர்களின் அரசியல் சட்டத்தில் வந்த இரண்டாவது திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். முன்பாதி குடிமக்கள் படையைப் பற்றியது, பின்பாதி ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பற்றியது. உரிமை படைக்கா, தனி ஆளுக்கா? தனி ஆளுக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008இல்தான், ஹெல்லர் வழக்கில், அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். வெளியே எடுத்துச் செல்லும் உரிமை 2022இல் உறுதியானது. ஆதிகாலத்து உரிமை என்று பேசுகிறார்களே தவிர, இன்றைய அர்த்தம் இளசுதான்.

துப்பாக்கி உரிமைக்காக இன்று வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கம்கூட 1871இல் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. 1977 மாநாட்டில் தீவிரமானவர்கள் கைப்பற்றிய பிறகே முழுநேர அரசியல். அதற்குப் பத்து வருடம் முன்பு, கலிஃபோர்னியாவில் கறுப்பினத்தவரின் 'பிளாக் பேந்தர்' கட்சியினர் துப்பாக்கியோடு தெருவில் ரோந்து போனபோது, வெளியிடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஏந்தத் தடை வந்தது. கையெழுத்திட்டவர், பின்னாளில் அதிபரான ஆளுநர் ரீகன்! யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அன்று உரிமையை அளந்தார்கள் என்பேன்.

சரி, சட்டம் ஏன் பெரிதாக நகரவில்லை? சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிள்ளைகள் பலியான பின், 2013இல், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் விதியை விரிவாக்கும் திட்டத்துக்கு நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 54 ஓட்டு விழுந்தது. தேவைப்பட்டது 60. நாலு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் அங்கே ஆளுக்கு இரண்டு இடம். கட்டுப்பாடு வேண்டும் என்பவர் ஓட்டுப் போடும்போது வேறு பத்து விஷயத்தையும் பார்ப்பார். அலமாரிக்காரர்களில் பலர் இந்த ஒன்றை மட்டும் பார்ப்பார்கள். அரசியல்வாதி யாருக்குப் பயப்படுவார், சொல்லுங்கள்.

பொம்மை விஷயம்: வேண்டவே வேண்டாம், அம்மா. அசல் போலத் தெரியும் துப்பாக்கியை அனுமதி இல்லாமல் சிங்கப்பூருக்குள் கொண்டு வர முடியாது. சாங்கியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பேரனுக்கு ஒரு கௌபாய் தொப்பி வாங்கி வரச் சொல்லுங்கள்.