குவாரி வருகிறது, கண்மாய் வரைபடத்தில் இருக்கிறதா?

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். கல்குவாரி அனுமதி பற்றி நம் சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்த வரையில் பதில்.

கல்லலில் இருந்து: அண்ணே, ஊருக்கு மேற்கே 3 ஹெக்டேரில் குவாரி கேட்டிருக்கிறார்கள். 5 ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஊர்க்காரரைக் கேட்கவே வேண்டாமாமே?

பாதிதான் உண்மை தம்பி. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். தனியாக நிற்கும் சின்னக் குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் 500 மீட்டருக்குள் வேறு குவாரிக் குத்தகை இருந்தால் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பக்கத்துக் காட்டில் இரண்டரை ஹெக்டேர் குவாரி இருந்தால், உங்கள் மூன்றோடு கூட்டி ஐந்தரை. அப்போது முழு அறிக்கையும் கூட்டமும் வேண்டும். பழைய குத்தகைகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. எது எந்த வருடத்தது என்று முதலில் விசாரியுங்கள்.

தேவகோட்டையில் இருந்து: அறிக்கை முந்நூறு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். கூட்டத்தில் எழுந்து என்ன பேசுவது?

சுருக்க அறிக்கை தமிழில் தந்தே ஆக வேண்டும். கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வரவேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திலும் அறிக்கையைப் பார்க்கலாம். முந்நூறு பக்கத்தையும் படிக்காதீர்கள். நேரே நீர்நிலைப் பக்கத்துக்குப் போங்கள்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அறிக்கையில் 'அருகே நீர்நிலை ஏதுமில்லை' என்று இருந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தேன், ஏப்ரலில் எடுத்தது. கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மூடி, வெறும் காடாகத் தெரிந்தது. எழுதியவர் சென்னையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஊரில் யாரையாவது கேட்டிருந்தால் தண்ணீர் திறந்துவிடும் மடை எங்கே, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு எங்கே என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள்.

விதிப்படியே, களத்தில் எடுக்கும் அளவுகள் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துக்கு எடுத்தால் போதும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில்தான் தண்ணீர். ஆக நம் ஊர்த் தண்ணீரை அறிக்கை பார்ப்பதே இல்லை. கலுங்கு மறுகால் போகும் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டு (ஊர் நிலங்களின் பதிவேடு) நகலும் கேளுங்கள். குவாரி சர்வே எண்ணுக்குள் ஓடைப் புறம்போக்கோ வரத்துக்காலோ போகிறதா என்று சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். நம் ஊருணிகள் வரத்துக்காலை நம்பித்தான் இருக்கின்றன. அது நடுவில் அறுந்தால் ஊருணியைத் தூர்வாரி என்ன பயன்?

கூட்டத்தில் ஆத்திரப்பட்டுக் கத்துவது வீடியோவில் பதிவாகும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும். நீங்கள் சொன்னது அதில் இல்லாவிட்டால் அங்கேயே கேளுங்கள். அனுமதிக்குப் பரிந்துரை செய்யும் மாநில மதிப்பீட்டுக் குழுவின் மேசைக்குப் போவது அந்தக் குறிப்புதான், நம் தொண்டை இல்லை.

கானாடுகாத்தானில் இருந்து: தம்பி, அப்பச்சி காலத்து வீடு. வெடி வைத்தால் நிலைக்கதவு அதிர்கிறது. முட்டைப்பூச்சுச் சுவரில் கோடு விழுந்திருக்கிறது. குவாரியால்தான் என்று எப்படிக் காட்டுவது?

ஆச்சி, பழைய சுண்ணாம்புச் சுவரில் கோடு பல காரணத்தால் விழும், கரையான் உட்பட. அதனால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். கோட்டின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். கோடு அகலமானால் கண்ணாடி உடையும். கூடவே ஒரு நோட்டில் வெடி நேரத்தைக் குறித்து வாருங்கள்.

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் அளவுப்படி, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வில் குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீட்டுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர் அதிர்வு வேகம் வரை அனுமதி. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடத்துக்கு 2 மட்டும். உங்கள் வீட்டை எந்தப் பட்டியலில் வைப்பது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. அதிர்வுமானி உங்கள் வீட்டு வளவில் வைக்கச் சொல்லி மனுப் போடுங்கள். குவாரி வாசலில் வைத்து அளந்தால் ஏற்காதீர்கள்.

திருப்பத்தூரில் இருந்து: வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்தில் குவாரி வரலாமா?

சரணாலய எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கூடாது; 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பாறை வெடிக்கு ஒப்புதல் கேட்க ஒரு துணிச்சல் வேண்டும்.

சிங்கம்புணரிப் பக்கம், கிரஷர் வைத்திருப்பவர்: எல்லாரும் எதிர்த்தால் வீடு கட்ட ஜல்லி வானத்தில் இருந்தா விழும்?

நியாயமான கேள்வி. நானும் காங்கிரீட் வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் சுரங்கத் திட்டத்தில் படிப்படியாக வெட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, களத்தில் செங்குத்தாக இறங்கினால் என்ன ஆகும்? 2025 மே மாதம் மல்லாக்கோட்டைக் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் உள்ளபடி வெட்டுங்கள் அண்ணாச்சி, பாதி எதிர்ப்பு தானாக அடங்கும்.

கல்லல் தம்பி மறுபடியும்: அனுமதி கொடுத்துவிட்டால்?

சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். 91ஆம் நாள் போனால் கதவு திறக்காது. நாளைக்கே புலப்படம் வாங்கிவிடு.