காற்று சரியாக இருந்தும் விளக்கு ஏன் மினுக்குகிறது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஏழு வருடப் பழைய காரை வாங்கி ஓட்டுகிறேன். ஒரு மாதமாக, வண்டியைக் கிளப்பியதும் டயர் காற்று விளக்கு ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிகிறது. நான்கு டயரிலும் காற்று 33 இருக்கிறது. டயர் கடைக்காரர், சென்சாரைக் கழற்றிவிட்டுச் சாதாரண வால்வு போடலாம் என்கிறார். சர்வீஸ் சென்டரில் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை, அங்கே மலிவு, வாங்கி வருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் விளக்கு சொல்வதைக் கேளுங்கள் ஐயா. காற்று மட்டும் குறைந்திருந்தால் அந்தக் குதிரைலாட விளக்கு மினுக்காமல் எரியும். மினுக்கிவிட்டு நின்று எரிந்தால், அமைப்பிலேயே கோளாறு. பெரும்பாலும் ஏதோ ஒரு சென்சார் பேசவில்லை. ஏழு வருட வண்டியில் என் முதல் சந்தேகம் பேட்டரி மீதுதான். சென்சார் என்பது வால்வின் அடியில், டயருக்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டி; காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் காருக்குச் சொல்லும். அதற்குள் ஒரு வட்ட பேட்டரி உண்டு. ஐந்து முதல் பத்து வருடம் உழைக்கும். மேலே பிசின் ஊற்றி மூடியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. கீறி எடுத்து மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

செத்தது எது என்று பார்க்காமல் நான்கையும் மாற்ற வேண்டாம். சென்சாரைச் சோதிக்கும் கைக்கருவியை ஒவ்வொரு வால்வின் அருகிலும் பிடித்தால், உயிருள்ள சென்சார் தன் அடையாள எண்ணையும் காற்றழுத்தத்தையும் சொல்லும்; சில சென்சார்கள் பேட்டரி நிலையையும் சொல்லும். இப்போது பேசாததை மட்டும் மாற்றுங்கள். மற்ற மூன்றும் அதே வயதுதான் என்பதால், அடுத்து டயர் மாற்றும்போது அவற்றையும் சேர்த்து மாற்றினால் டயரைக் கழற்றும் கூலி மிச்சம்.

கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். நான் டயர் கடை வைத்திருந்த காலத்தில், இந்தச் சென்சார் வந்த புதிதில், வழக்கம்போல வால்வுப் பக்கமே வைத்து டயரை அழுத்தினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். டயரைப் பிரித்தால் சென்சார் இரண்டு துண்டு. அன்றைய வரும்படி அதோடு போயிற்று. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில்தான் இயந்திரத்தை அழுத்த வேண்டும். புதியதை மாட்டும்போது ரப்பர் வாஷரும் புதிதாக இருக்கட்டும். நட்டைத் திருகுவிசை பார்த்து இறுக்க வேண்டும். மிகச் சிறிய அளவுதான், கைப்பலத்தைக் காட்டினால் அலுமினியத் தண்டு முறியும். பிறகு வீல் பேலன்சிங் கட்டாயம். கடைசியில் புதிய சென்சாரின் எண்ணைக் காருக்குக் கற்றுத்தர வேண்டும். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓடினாலே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்குக் கருவி வேண்டும். இதைச் செய்யாமல் அனுப்பினால் விளக்கு மறுபடி மினுக்கும், சென்சார் மீது பழி விழும்.

அலுமினிய வால்வாக இருந்தால் பளபளக்கும் உலோக மூடியைப் போடாதீர்கள். ஈரக்காற்றில் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்ளும். கொறடு போட்டுத் திருகினால் மூடியோடு வால்வும் கையில் வரும். பிளாஸ்டிக் மூடி போதும்.

சாதாரண வால்வு போட்டால் கார் ஓடத்தான் செய்யும். ஆனால் விளக்கு அணையாது; நாளை நிஜமாகவே மெல்லப் பஞ்சராகும்போது அதே விளக்கு எரிவதைப் பார்த்து நீங்கள் பொருட்படுத்த மாட்டீர்கள்.

மாப்பிள்ளை கொண்டுவருவதில் ஒரு சிக்கல். அமெரிக்காவில் பல கார்களின் சென்சார் 315 மெகாஹெர்ட்ஸில் பேசும். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் 433. அலைவரிசை மாறினால் பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் உங்கள் காருக்கு அது காதில் விழாது. பழைய சென்சாரில் உள்ள பாக எண்ணைப் படம் எடுத்து இங்கேயே வாங்குங்கள். மாப்பிள்ளையிடம், அளவு துல்லியமாகக் காட்டும் நல்ல காற்றுமானி ஒன்று கேளுங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்க்க உதவும்.