அரசுக்கா, பெருநிறுவனங்களுக்கா, யாருக்கு அதிகாரம் அதிகம்?

இந்தக் கேள்விக்கு, யாரிடம் பணம் அதிகம், யாரிடம் போலீஸ் இருக்கிறது என்று பார்த்தெல்லாம் பதில் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதில் கையெழுத்துப் போட்டபோது எந்தத் தரப்புக்கு அவசரம் அதிகமாக இருந்தது, இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். எங்கள் குமரி மாவட்டத்துச் சரித்திரமே இதற்குப் போதும்.

குளச்சல் கடற்கரைக்குப் போனால் ஒரு வெற்றித்தூண் நிற்கும். 1741-ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவு. தோற்றது நெதர்லாந்து அரசு இல்லை, ஒரு கம்பெனி. பங்குதாரர்களுக்கு லாபம் பிரித்துக் கொடுக்கிற கம்பெனிதான், ஆனால் 1602-ல் தொடங்கியபோதே படை வைத்துக்கொள்ளவும் கோட்டை கட்டவும் ராஜாக்களோடு உடன்படிக்கை போடவும் அந்த நாட்டு அரசே அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தது. சண்டைக்குக் காரணம் மிளகு. அப்புறம் மார்த்தாண்ட வர்மா மிளகு வியாபாரத்தை அரசின் கைக்கே கொண்டுவந்தார், பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயை வைத்தே தன் படைக்குப் பயிற்சி கொடுத்தார். (டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள்.)

சண்டையில் ஒரு கம்பெனியை ஜெயித்த அதே திருவிதாங்கூர், அடுத்த கம்பெனியிடம் காகிதத்தில் தோற்றது. திப்பு படையெடுத்து வந்த பயம் தீராத நேரத்தில், 1795-ல் ஆங்கிலேயக் கம்பெனியோடு உடன்படிக்கை. 1805-ல் அதைத் திருத்தி எழுதியபோது கப்பம் வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் ஆனது. அப்போது திவானாக இருந்து அதற்குச் சம்மதித்தவர் நம்ம தலக்குளம் வேலுத்தம்பி. பாக்கியைக் கேட்டு ரெசிடென்ட், அதாவது கம்பெனியின் பிரதிநிதி, மெக்காலே நெருக்க நெருக்க, கடைசியில் அந்த வேலுத்தம்பியே கம்பெனிக்கு எதிராக ஆயுதம் எடுத்து, 1809-ல் உயிரையும் விட்டார்.

இப்போதைய கதைக்கு வருவோம். எங்கள் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் விழிஞ்ஞம் துறைமுகம். 2015-ல் கேரள அரசு அதானி நிறுவனத்தோடு 40 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டது. வழக்கமாக 30 தானே, ஏன் 40 என்று 2017-ல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற சிஏஜியின் அறிக்கை கேட்டது. எதிர்க்கட்சியாக இருந்து அதைக் கடுமையாக விமர்சித்த இடதுசாரிகள் 2016-ல் ஆட்சிக்கு வந்தார்கள், ஒப்பந்தம் அப்படியே தொடர்ந்தது. ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றலாம், முந்தைய ஆட்சி போட்ட கையெழுத்தை அவ்வளவு லேசில் மாற்ற முடியாது. எனக்கு இதுதான் பெரிய கவலை. 2019 டிசம்பரில் முடிய வேண்டிய வேலை தள்ளிப்போனதற்கு ஒக்கிப் புயலும், அலைத்தடுப்புச் சுவருக்கான பாறைத் தட்டுப்பாடும் காரணம் என்று நிறுவனம் சொன்னது. ஒக்கியில் எங்கள் மீனவக் கிராமங்கள் இழந்த உயிர்களுக்கு எந்த ஒப்பந்தத்திலும் ஒரு பிரிவு கிடையாது. பாறை விஷயம் களியக்காவிளை ரோட்டில் பைக் ஓட்டுகிற யாருக்கும் தெரியும். கல் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும், தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஜல்லித்தூள் முகத்தில் அடிக்கும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பிள்ளைகளைக் கையைப் பிடித்துத்தான் ரோட்டைக் கடக்க வைக்க வேண்டும்.

சரி, அரசே நிறுவனமாகவும் இருந்தால்? மணவாளக்குறிச்சி கனிம மணல் ஆலை மத்திய அரசு நிறுவனத்துடையது. கிள்ளியூர் தாலுகாவில் அதன் புதிய சுரங்கத் திட்டத்துக்கு அனுமதி கொடுப்பதும் அரசுதான், தோண்டுவதும் அரசுதான். நடுவில் கடற்கரைக்காரர்கள் வாய் திறக்கக் கிடைத்த இடம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுதான், அதுவும் இந்த மாதிரிக் கனிமச் சுரங்கங்களுக்குத் தேவையில்லை என்று 2025-ல் மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. 2024 அக்டோபரில் வைத்திருந்த அந்தக் கூட்டம் எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளி வைக்கப்பட்டது. இனி அப்படி ஒரு கூட்டம் எப்போதாவது நடந்தால், திட்ட அறிக்கையைத் தமிழில் வாங்கி முன்னாடியே படித்துவிட்டுப் போங்கள்.