பேக்ஃபோர்டின் தாள்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில அச்சு வரலாறு பற்றிய உங்கள் குறிப்பில் பழைய புத்தக வியாபாரி ஜான் பேக்ஃபோர்டைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பிறகு வில்லியம் பிளேட்ஸின் ‘புத்தகங்களின் எதிரிகள்’ நூலைப் படித்தேன். நூலகம் நூலகமாகப் போய் அரிய நூல்களின் தலைப்புப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு வந்தவர் என்று அதில் பேக்ஃபோர்டைத் திட்டியிருக்கிறார். இப்படிப்பட்டவரையா பாராட்டினீர்கள்?

இன்னொன்று, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்கிறேன். இணைய ஏலம் ஒன்றில், 1680களில் லண்டனில் அச்சான ஒரு பிரசங்க நூலின் தலைப்புப் பக்கத்தை மட்டும் வாங்கினேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று எண்ணம். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பேக்ஃபோர்டைத் திட்டிய பிளேட்ஸிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் தொழிலால் அச்சகக்காரர். இங்கிலாந்தின் முதல் அச்சாளரான கேக்ஸ்டனை ஆராய்வதிலேயே ஊறியவர். செயின்ட் ஆல்பன்ஸ் இலக்கணப் பள்ளியின் நூலகத்தில், மழைநீர் ஒழுகி நாசமாகிக் கிடந்த கேக்ஸ்டன் நூல் ஒன்றை அவர் கண்டெடுத்த கதையும் நீங்கள் படித்த அதே புத்தகத்தில் இருக்கிறது. அந்த நூலின் அட்டைகளைப் பிரித்தபோது, அவை கேக்ஸ்டன் அச்சகத்தின் கழிவுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தவை என்று தெரிந்தது. உள்ளிருந்து 56 அரைத்தாள்கள் வந்தன. கேக்ஸ்டன் அச்சிட்டார் என்று அதுவரை யாருக்குமே தெரியாத மூன்று நூல்கள் அதனால் வெளிச்சத்துக்கு வந்தன. பழைய அட்டையைப் பிரிக்காமல் அந்த மூன்றும் கிடைத்திருக்காது. பேக்ஃபோர்டுக்குக் கொடுக்காத மன்னிப்பைப் பிளேட்ஸ் தனக்குக் கொடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

பேக்ஃபோர்ட் செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து பழைய புத்தக வியாபாரத்துக்கு வந்தவர். எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு பக்கம் எழுதத் தெரியாது. ஆனாலும் ராபர்ட் ஹார்லி, ஹான்ஸ் ஸ்லோன் போன்ற பெரிய சேகரிப்பாளர்கள் அவரை நம்பிப் புத்தகம் வாங்கினார்கள். 1707இல் ஹம்ஃப்ரி வான்லியோடும் ஜான் டால்மனோடும் அவர் ஒரு மதுக்கடையில் கூடிப் பேசியதுதான் பிறகு தொல்பொருள் கழகமாக வளர்ந்தது. அதே ஆண்டில், அச்சுக்கலையின் வரலாற்றை எழுதப்போவதாக ஓர் அறிவிப்பும் வெளியிட்டார். அந்த வரலாறு வெளிவரவே இல்லை. 1716இல் இறந்தார். அவர் சேர்த்தவை ஹார்லியின் நூலகத்துக்குப் போய், 1753இல் அந்த நூலகத்தின் கையெழுத்துச் சுவடிகளோடு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

அச்சு வரலாறு எழுதுகிறவருக்கு முதலில் வேண்டியது தலைப்புப் பக்கம்தான். யார் அச்சிட்டது, யாருக்காக, எந்தத் தெருவில் என்ன சின்னம் தொங்கும் கடை, எந்த ஆண்டு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நகலெடுக்கும் கருவி இல்லாத காலம். தாளையே வைத்துக்கொள்ளாவிட்டால் கையால் எழுதித்தான் தீர வேண்டும். தவிர, தலைப்புப் பக்கம் அன்று தனியாகவும் உலவியது. கடைக்காரர்கள் அதைக் கம்பங்களிலும் சுவர்களிலும் ஒட்டி விளம்பரம் செய்தார்கள். என் புத்தகத்துக்கு அப்படிச் செய்யாதே என்று பென் ஜான்சன் தன் கடைக்காரரிடம் ஒரு கவிதையிலேயே கேட்டுக்கொண்டார். விலைபோகாத புத்தகங்கள் பொட்டலம் கட்டவும் அட்டைக்குள் திணிக்கவும் போயின. பேக்ஃபோர்டின் நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் நல்ல நூல்களிலிருந்து கிழித்தவையும் இருக்கலாம். ஆனால் பிளேட்ஸின் குற்றச்சாட்டு மிகை என்பதே பின்வந்த ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

எனக்கு அவர்மேல் இருக்கும் குறை வேறு. எந்தத் தாளை எந்தப் புத்தகத்திலிருந்து, யாரிடமிருந்து எடுத்தார் என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. ஊர்வாரியாகப் பிரித்து ஒட்டிவிட்டார், அவ்வளவுதான். தலைப்புப் பக்கம் சொல்வதையெல்லாம் அவர் நம்பினார். அது பொய்யும் சொல்லும்.

1619இல் தாமஸ் பேவியர் என்ற பதிப்பாளருக்காக வில்லியம் ஜாகர்ட் அச்சகத்தில் ஷேக்ஸ்பியர் பெயரோடு தொடர்புள்ள பத்து நாடகங்கள் அச்சாயின. அவற்றில் சிலவற்றுக்குப் பழைய ஆண்டைப் போட்டார்கள். ‘வெனிஸ் வணிகன்’ 1600 என்றது, ‘லியர் அரசன்’ 1608 என்றது. ஏறத்தாழ 300 ஆண்டுகள் எல்லாரும் நம்பினார்கள். 1908இல் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் தாள்களை வெளிச்சத்தில் பிடித்து, தாள் செய்யும்போதே அதில் பதியும் அடையாளங்களான நீர்க்குறிகளைப் பார்த்தார். வெவ்வேறு ஆண்டு போட்ட நாடகங்களில் ஒரே வகைத் தாள்கள் கலந்து கிடந்தன. எந்த அச்சகமும் அந்தக் கலவைத் தாளை 19 ஆண்டுகள் வைத்திருந்து பயன்படுத்தியிருக்காது. தலைப்புப் பக்கங்களை மட்டும் சேர்த்திருந்தால் இது அகப்பட்டிருக்குமா? முழு நூலும் கையில் இருந்ததால் அகப்பட்டது. இதற்கு ஒரு பின்கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டே ஆண்டுகளில் வில்லியம் நெய்டிக் அந்தத் தலைப்புப் பக்கங்களைப் படமெடுத்து அளந்து பார்த்தார். போட்ட ஆண்டு வேறாக இருந்தும், ஒரு நாடகத்துக்குக் கோத்த அச்செழுத்து வரிகளைக் கலைக்காமல் அடுத்த நாடகத்துக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். பொய் சொன்ன பக்கங்களே அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுத்தன.

உங்கள் தாளுக்கு வருகிறேன். நீங்கள் கிழிக்கவில்லை. ஆனால் ஒரு முழு நூலைவிட அதன் தாள்களைத் தனித்தனியாக விற்றால் அதிகம் தேறும் என்று வியாபாரிகளுக்குத் தெரியும், அந்தக் கணக்கில் வாங்குகிறவருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் ஓட்டோ எகே என்பவர் நூல்களைப் பிரித்துத் தாள் தாளாக விற்றார். கேட்டவர்களிடம், எல்லாருக்கும் ஒரு தாளாவது கிடைக்கட்டுமே என்றார். அந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. இனி வாங்கும்போது விற்பவரிடம் மீதிப் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கியதைச் சுவரில் மாட்டாதீர்கள். வெயில் படும், சட்டம் போடுகிறவர் பசை தடவிவிடுவார். அமிலமில்லாத உறையில் வைத்து, விற்றவர் பெயர், தேதி, விலைச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். உறைமேல் பென்சிலால் எழுதலாம், தாளில் கூடாது. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளிவிட்டுக் கோடுகள் தெரியும். அவை கிடையாக ஓடினால் அந்த நூல் நான்காக மடித்த தாளில் ஆனது, பிரசங்கங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வந்தன. 1800 வரையான ஆங்கில அச்சு நூல்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. தலைப்பின் முதல் சில சொற்களைக் கொடுத்துத் தேடினால், அந்த நூலின் முழுப் பிரதிகள் எந்தெந்த நூலகத்தில் இருக்கின்றன என்று தெரியும்.

பின்பக்கத்தையும் பாருங்கள். அந்தக் காலத்தில் அச்சிடுவதற்கான அனுமதிக் குறிப்பை, தணிக்கையாளர் பெயரோடும் தேதியோடும், சில நூல்களில் அங்கே போடுவார்கள். உங்கள் தாளில் அது இருந்தால் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்.